மீசையில்லாமல் மேல் ஸ்தாயி

ட்ரம்பெட் ஊதுகிறவனைக் கோயம்புத்தூரில் யாரும் முழுசாக ஒரு ஆளாக எடுத்துக்கொள்வதில்லை. "என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள். சொன்னால், "அது செரிங்க, வேலை என்ன பண்றீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்து அங்கேயே குடியிருந்துவிட்டது. நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கும் இதே கேள்விதான் காரணம். பம்பு கம்பெனி வைத்திருக்கிறவனுக்கே பெண் கிடைக்காத ஊரில் பீப்பி ஊதுகிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? அதனால் அம்மா அப்பாவோடு கணபதியிலேயே இருந்தேன். கீழே அப்பா ஒரு காலத்தில் லேத்துப் பட்டறை நடத்திய இடம், அதற்கு மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடியில் ஒற்றை அறை. அந்த அறைதான் நான் சாதகம் பண்ணுகிற இடம்.

பள்ளிக்கூட பேண்டில் ஆரம்பித்து, கல்யாண பேண்டு செட்டு, சர்ச்சு, மெல்லிசைக் குழு என்று எல்லாவற்றிலும் ஊதிவிட்டு, கடைசியில் உல்லாசக் கப்பலில் ஜாஸ் வாசிக்கப் போனேன். அங்கேதான் மேல் ஸ்தாயி எனக்குக் கைவந்தது. சரியாகச் சொன்னால் உதட்டுக்கு வந்தது. ட்ரம்பெட்டில் பொத்தான் மூன்றே மூன்றுதான். மிச்சமெல்லாம் உதடும் மூச்சும். பொத்தானை மாற்றாமலே உதட்டை இறுக்க இறுக்க ஸ்வரம் படிப்படியாக மேலே ஏறும். மேலே போகப் போகப் படிகள் நெருங்கிக்கொண்டே வரும். ஒரு மயிரிழை பிசகினால் பக்கத்துப் படியில் கால் வைத்துவிடுவோம். அதற்கும் மேலே போனால் படியே இருக்காது, காற்று மட்டும்தான். அந்த உயரத்தில் நின்று ஊதுகிறவர்கள் எந்த ஊரிலும் கொஞ்சம் பேர்தான். நான் அதில் ஒருவனாக இருந்தேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் போகப்போவதில்லை.

கொரோனாவில் கப்பலெல்லாம் நின்றதும் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. பிள்ளைகளுக்கு கிரேடு பரீட்சைக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டும், ரிசப்ஷன்களில் ஊதிக்கொண்டும் இருந்தேன். அப்போதுதான் அந்த போன் வந்தது. பல ஊர் வாத்தியக்காரர்கள் சேர்ந்த ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா கோயம்புத்தூருக்கு வருகிறது, அவிநாசி ரோட்டில் ஒரு கல்லூரி அரங்கத்தில் கச்சேரி. ஜாஸ் ட்ரம்பெட் தனியாகவும் முழு ஆர்கெஸ்ட்ரா அதற்கு எதிராகவும் வாசிக்கிற மாதிரி எழுதப்பட்ட ஒரு பெரிய படைப்பை அவர்கள் வாசிக்கப் போகிறார்கள். அதற்குத் தனி ஆள் வேண்டும். கப்பலில் என் பக்கத்து நாற்காலியில் வாசித்த ஒருவர் என்னைச் சொல்லியிருக்கிறார். பேசியது ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற கண்டக்டர், பெங்களூரில் இருக்கிற ஒரு அம்மா. "கடைசி பேஜ் பாத்துட்டு ஓகே சொல்லுங்க சார்" என்றார். பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ட்ரம்பெட் ஆர்கெஸ்ட்ராவின் தலைக்கு மேலே ஏறி, சாதாரண ஆள் நின்றுவிடுகிற உச்சியையும் தாண்டி இன்னும் ஐந்து படி மேலே போய், அங்கே ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டும். ஓகே சொன்னேன். சொல்லாமல் இருப்பேனா? இதற்காகத்தானே ஆயுசு முழுக்க உதட்டைத் தேய்த்திருக்கிறேன்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "கண்டக்டரம்மாவா? எந்த ரூட்டுங் கண்ணு, காந்திபுரமா உக்கடமா?" என்று கேட்டார். அவருக்கு இந்த லொள்ளு இல்லாவிட்டால் சோறு செரிக்காது. பக்கத்தில் இருந்த அப்பா சிரிக்கவில்லை. அவர் லேத்துக்காரர், கணக்குத்தான் கேட்பார்.

"எத்தன பேரு வாசிப்பாங்க?"

"எழுவது எம்பது பேரு இருப்பாங்கப்பா."

"உனக்கு மைக்கு?"

"மைக்கு கெடையாது."

"எம்பது பேத்துக்கு மேல ஒருத்தன் மைக்கு இல்லாம கேக்கோணும்னா அது எத்தன எச்.பி. வேணும்?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் பேப்பரை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படித்தான், விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுகிற ஜாதி.

ஜாஸில் ஒரு சௌகரியம் உண்டு. ஸ்வரம் தவறிவிட்டால் தவறின இடத்தையே பிடித்துக்கொண்டு நாலு ஊர் சுற்றிவிட்டு வரலாம்; கேட்கிறவர் "அடடா, என்ன கற்பனை" என்பார். சிம்பொனியில் அந்தப் பருப்பு வேகாது. அச்சடித்த தாள் எல்லார் முன்னாலும் விரித்து வைத்திருக்கிறது. நடையும் வேறு. ஜாஸ்காரன் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடப்பான். வயலின்காரர்கள் கண்டக்டரின் கோலைப் பார்த்து நேராக நடப்பார்கள். இரண்டு நடையையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய கஷ்டம் சும்மா நிற்பது. ஆர்கெஸ்ட்ரா தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போது நாம் முன்னால் விளக்குக் கம்பம் மாதிரி நிற்க வேண்டும். உதடு ஆறிப்போய்விடும். ஆறின உதட்டோடு எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போக வேண்டும். இதற்காக மாடி அறையில் நாற்காலியில் உட்கார்ந்து சும்மா இருந்துவிட்டு, திடீரென்று எழுந்து ஊதுவேன். பொழுது சாய்ந்தபின் தினம் இதே வேலை. கடைசியாக அந்த ஏற்றம். வந்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்வேன். வராவிட்டால் ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு உர்ரென்று உட்கார்ந்திருப்பேன்.

கச்சேரிக்கு ஒரு மாதத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போது அப்பா செத்துப்போனார். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்த அப்பாவைப் பார்த்தேன், வரவில்லை. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள், அப்போதும் வரவில்லை. கொள்ளி வைத்தேன், கண்ணில் புகைதான் எரிந்தது. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தட்டிப் பார்த்தால் அது நம் கன்னம்தான், ஆனால் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும் இல்லையா? எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கேதத்துக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னார்கள். நான் எல்லாருக்கும் "செரிங்க, செரிங்க" என்றேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கேன் பத்துமா, பந்தல்காரன் இன்னும் நாற்காலி கொண்டுவருவானா என்று அதுதான் மண்டையில் ஓடியது. "நெஞ்சழுத்தக்காரன்" என்று யாரோ ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது. உண்மையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் மீசைப் பேச்சு வந்தது. கொள்ளி வைத்த மகன் மொட்டை அடித்து மீசையும் எடுக்க வேண்டும். சில வகையறாவில் சுடுகாட்டிலேயே எடுத்துவிடுவார்கள். எங்களில் சாம்பல் கரைக்கப் பவானி கூடுதுறைக்குப் போகிறபோது ஆற்றங்கரையில் எடுப்பது. மறுநாள் காலை கிளம்ப வேண்டும்.

"தலைய வேணா எடுத்துக்கறேன். மீசைய எடுக்க மாட்டேனுங்க" என்றேன்.

சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங் கண்ணு, மீசையா ஊதுது?"

"ஆமாங்க சித்தப்பா, மீசைதான் ஊதுது."

கிண்டலுக்குச் சொல்லவில்லை. மீசை முளைத்த வயசிலிருந்து நான் மீசையோடுதான் ஊதியிருக்கிறேன். மவுத்பீஸின் மேல் விளிம்பு உட்காருவது உதட்டில் இல்லை, அந்த மயிரின் மேல். வியர்வையை அது குடித்துக்கொள்ளும். விளிம்பு வழுக்காமல் ஒரு பிடி கிடைக்கும். கீழே சாதாரணமாக ஊதுகிறபோது இது ஒரு விஷயமே இல்லை. உச்சியில் ஒரு நூல் நகர்ந்தாலும் போச்சு. மீசை எடுத்த ட்ரம்பெட்காரன் மறுபடி தன் வாயைக் கண்டுபிடிக்க மாதக் கணக்காகும், சில பேருக்கு வருஷமும் ஆகியிருக்கிறது. இதை நான் விளக்கி முடிக்க, அப்பாவின் அக்கா, என் அத்தை, எழுந்துவிட்டார்.

"உலகத்துல இல்லாத ஞாயமா இருக்குது! கொள்ளி வெச்ச மகன் மீசைய முறுக்கீட்டுத் திரிவானா? ஒறம்பர சனம், சொந்தபந்தமெல்லாம் காறித் துப்பாதா?"

மூலையில் படுத்திருந்த அம்மா எழாமலே சொன்னாள்: "உடுங்க அண்ணி. அது அவம் பொழப்பு. அவரு இருந்திருந்தா அவரே உடச் சொல்லியிருப்பாரு."

செத்தவருடைய பெண்டாட்டியே சொன்னபின் அத்தை என்ன பேசுவார்? முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி யாருக்கும் மனசு கோணாமல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மொட்டை முழுசாக. மீசையில் சாஸ்திரத்துக்கு இந்தக் கோடியில் ரெண்டு மயிர், அந்தக் கோடியில் ரெண்டு மயிர், கத்திரியால் கிள்ளிவிடுவது. "சாமிக்குத் தெரியுமுங்க, இவன் ஊதறவன்னு" என்று சித்தப்பா முடித்து வைத்தார். எனக்காக இத்தனை பேர் இறங்கி வந்ததே பெரிய விஷயம். நான் "செரிங்க" என்றேன்.

கூடுதுறையில் அன்று நல்ல கூட்டம். எங்களைப் போலவே இன்னும் நாலைந்து குடும்பங்கள் சிவப்புத் துணி கட்டிய சட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தன. சவரத்துக்கு உட்கார்ந்தேன். தலை சீக்கிரம் முடிந்தது. சித்தப்பா குனிந்து நாவிதரிடம் மீசை விவரத்தைச் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டுக் கத்திரியை எடுத்தார். நான் எதிரே படியில் இருந்த சட்டியைப் பார்த்தேன். அதற்குள் இருப்பது அப்பா. இந்த வாக்கியத்தை மனசுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துக் குடும்பத்துச் சட்டியைப் பார்த்தாலும் அதே மாதிரிதான் இருந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. என்னடா மனுசன் நீ? பெத்த அப்பன் சட்டியில் இருக்கிறான், நீ மீசையைப் பேரம் பேசி மிச்சம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். வலிக்கிற மாதிரி எதையாவது கொடுத்தால்தான் உனக்கு உறைக்கும்.

"முழுசா எடுங்க" என்றேன்.

நாவிதர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா, "ஏங் கண்ணு, பேசி முடிச்சதுதான? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

"எடுங்கன்னு சொல்றேனில்ல!"

எடுத்தார். நாலு இழுப்பு. முழுகி எழுந்தபோது மேல் உதட்டில் ஆற்றுக் காற்று சில்லென்று பட்டது. சட்டியை நீரில் விட்டேன். சாம்பல் கொஞ்ச தூரம் வெள்ளையாகப் போய்க் கலந்துவிட்டது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இருந்ததையும் கொடுத்துவிட்டேன், அதற்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. இதைவிட முட்டாள்தனமான வியாபாரம் எங்கள் வம்சத்தில் யாரும் பண்ணியிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "ஏங் கண்ணு எடுத்துப்போட்ட?" என்றாள். "சும்மா" என்றேன்.

கருமாதி முடிகிறவரை எழவு வீட்டில் ட்ரம்பெட் ஊத முடியாது. காரை எடுத்துக்கொண்டு உக்கடம் குளத்துப் பக்கம் போய், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஊதினேன். நடைப்பயிற்சிக்காரர்கள் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மொட்டைத் தலையும் மழித்த வாயுமாக ஒருத்தன் மூடின காருக்குள் கன்னம் சிவக்க ஊதிக்கொண்டிருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? கீழ் ஸ்தாயி இருந்தது. நடுவும் இருந்தது. மேலே போகப் போக விளிம்பு வியர்வையில் வழுக்கியது. வழுக்குகிறதே என்று அழுத்தினேன். அழுத்தினால் உதடு மரத்துப்போகும், மரத்த உதடு அதிராது, அதிராவிட்டால் ஸ்வரம் ஏது? முதல் நாள் பாடம் இது. நான் பிள்ளைகளைத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுக்கிற பாடம். தெரிந்தும் அழுத்தினேன். உச்சியில் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது.

என்னவெல்லாமோ பண்ணிப் பார்த்தேன். பவுடர் போட்டேன். பிளாஸ்திரியை வெட்டி ஒட்டினேன். வெட்கத்தை விட்டு ஒரு நாடக சாமான் வாடகைக் கடைக்கே போய் ஒட்டு மீசை கேட்டேன். "ராஜா மீசைங்களா, போலீஸ் மீசைங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஊதற மீசை" என்று சொல்ல முடியுமா? போலீஸ் மீசை வாங்கி ஒட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்து ஊதினேன். இரண்டாவது மூச்சில் அது ட்ரம்பெட்டுக்கு மீசையாகிவிட்டது. வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். பிறகு சொந்த மீசை முளைக்க ஆரம்பித்தது. அது இன்னும் மோசம், அழுத்தினால் முள் மாதிரி உள்ளே குத்தியது.

ஒத்திகைக்கு ஆர்கெஸ்ட்ரா வந்து சேர்ந்தது. மேடையில் முதல் முறையாக அத்தனை வாத்தியத்துக்கு நடுவில் நின்றேன். பக்கத்தில் வயலின்கள், முதுகுக்குப் பின்னால் மரக் குழல்கள், கடைசி வரிசையில் பித்தளை வாத்தியங்கள். முழு ஆர்கெஸ்ட்ரா எழும்பும்போது சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் கால் வழியாக ஏறுகிறது. இதற்காக எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன்! நின்றேன், ஏறியது, அவ்வளவுதான். சந்தோஷம் என்று ஒன்று வர வேண்டிய இடத்தில் வெறும் இடம் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் எனக்குக் காற்றுதான் வந்தது. இரண்டாவது முறையும் அதேதான். கண்டக்டரம்மா கோலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். அவருக்கு வீட்டு விஷயம் தெரியும்.

"சார், ஒரு ஸ்தாயி கீழ வாசிச்சுடலாம். நல்லாவே இருக்கும். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"கீழ வாசிக்கறதுக்கு நான் எதுக்கும்மா? அத பின்னால இருக்கற தம்பிகளே வாசிப்பாங்களே."

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காக யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு அந்த மீசைப் பஞ்சாயத்து ஞாபகம் வந்துவிட்டது. எல்லாரும் எனக்காக இறங்கி வந்துகொண்டே இருந்தால் நான் எங்கேதான் நிற்பது? மறுநாள் கடைசி ஒத்திகையில் மூன்றாவது முறை ஊதும்போது ஸ்வரம் வந்தது. மெலிசாக, நூல் மாதிரி, ஆனால் அதே ஸ்வரம். வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள். அவர்கள் கைதட்டுகிற விதம் அது. கண்டக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு, "சரி, மேலேயே போங்க" என்றார்.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல். நான் கிளம்பும்போது அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "நானும் வாரேன்" என்றாள். புருஷன் போய் இரண்டு மாதம்கூட ஆகாத பொம்பளை கச்சேரிக்குப் போவதா என்று அத்தை போனில் கேட்டிருக்கிறார். "எம் பையன் ஊதறத நாங் கேக்கறதுக்கு ஆரு கிட்ட உத்தரவு வாங்கோணும்?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள் அம்மா. என் கோபம் யார் பக்கத்துச் சொத்து என்று அப்போது புரிந்தது. அவளை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன். மேடையைப் பார்த்து, "இத்தன பேரும் உனக்காகவா வந்துருக்கறாங்க?" என்று கேட்டாள். "நான் அவங்களுக்காக வந்திருக்கறேன்மா" என்றேன்.

முதல் பகுதி நன்றாகப் போனது. சாய்ந்து நடந்தேன், அவர்கள் நேராக நடந்தார்கள், இரண்டும் ஒட்டியது. இரண்டாவது பகுதி மெதுவானது, கீழ் ஸ்தாயி. அதில் என் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கேட்பவர்கள் மூச்சுவிடாமல் இருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். நான் அதை வாசிக்கும்போது ஏசி என் பாதி முளைத்த தலையில் நேராகப் படுகிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பகுதி ஓட்டம். அதன் நடுவில் நான் சும்மா நிற்க வேண்டிய இடம் வந்தது. உதட்டை நாக்கால் தடவிப் பார்த்தேன். உதடு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

ஏறினேன். ஒவ்வொரு படியும் சரியாக வந்தது. எல்லாரும் நிற்கிற உச்சி வந்தது. அதற்கு மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பின்னால் முழு ஆர்கெஸ்ட்ராவும் எழும்பி, எல்லா ஸ்வரமும் சேர்ந்து ஒலிக்கிற அந்தக் கடைசிக் குவியலுக்கு வந்துவிட்டது. ஐந்தாவது படியில் கால் வைத்தேன். படி இல்லை. காற்று வந்தது. என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி புஸ்ஸென்று காற்று.

எண்பது பேர் அந்தக் குவியலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கண்டக்டரம்மா என்னைப் பார்த்தபடியே இடது கையை உயர்த்திப் பிடித்திருந்தார். ஒருவேளை வரும் என்று எனக்காக இன்னும் கொஞ்சம் நீட்டினார். நான் ட்ரம்பெட்டை இறக்கவில்லை. கன்னம் சிவக்க, நரம்பு புடைக்க, காற்றையே ஊதிக்கொண்டு, வாசிக்கிறவன் மாதிரியே நின்றேன். அவர் கையை மூடினார். முடிந்தது. அரங்கம் எழுந்து நின்று தட்டியது. ஆர்கெஸ்ட்ராவின் சத்தத்துக்குள் ட்ரம்பெட் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் மேடையில் இருந்தார்கள். அவர்களும் எழுந்து நின்று வில்லைத் தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு மில் முதலாளி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "அருமைங்க, அந்தக் கடைசி இடம் இருக்குதுங்களே, சிலுத்துப்போச்சுங்க" என்றார். "ரொம்ப சந்தோசமுங்க" என்றேன். ஆயுசுக்கும் காத்திருந்த ஸ்வரம் என் கையை விட்டுப் போயிருந்தது. அதற்காகக்கூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் காரை எடுத்தேன். அவிநாசி ரோட்டில் ஊரே வெளியே வந்திருந்தது. வண்டி ஊர்ந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. அந்தக் கடைசீல மேல போறது மட்டும் வரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்? அங்க இருந்த ஒருத்தருக்கும் தெரியலியே."

"ஏன் தெரியாது? தெனமும் கேக்கறதுதான?" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "உங்கய்யன் அதக் கேக்காம சோத்துக்கு எந்திரிக்க மாட்டாரு. டிவிய அமத்திப்போட்டு உக்காந்திருப்பாரு. அது வந்துச்சுன்னா, 'ஏ புள்ள, தட்டு வெய்யி, பையன் எறங்கி வருவான்'ம்பாரு. வரலீன்னா, 'செத்த பொறு, இப்பக் கூப்புட்டீன்னா உளுந்து கடிப்பான், கோவம் தணியட்டும்'ம்பாரு. அவருந் திங்க மாட்டாரு. சக்கரை மாத்தரயப் போட்டுப்போட்டுப் பசியோட உக்காந்திருப்பாரு. எத்தன நாளு கொழம்ப ரெண்டு வாட்டி சுட வெச்சிருப்பேன், போ."

கை ஸ்டியரிங்கில் இருந்தது. வராத நாட்களில் நான் மாடியில் உர்ரென்று உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், கீழே ஒரு மனுஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தட்டை வைக்கச் சொல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் இறங்கி வரும்போது பேப்பரை மடித்துக்கொண்டே, "ஆச்சா?" என்று மட்டும் கேட்பார். நானும் "ம்" என்பேன்.

அம்மா முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு சொன்னாள்: "இன்னிக்கும் வரல. ஊட்டுக்குப் போயி செத்த நேரங் கழிச்சே சாப்புடலாங் கண்ணு. எனக்கொண்ணும் அவசரமில்ல."

அப்போது வந்தது அழுகை. சத்தமாக, அசிங்கமாக, மூக்கு ஒழுக, சின்னப் பையன் மாதிரி "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டு நடு ரோட்டிலேயே பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அம்மா என் முதுகில் கை வைத்தாள். கண்ணாடி வழியாகப் பின்னால் ஒரு பார்வை பார்த்தாள்.

"வண்டிய ஓரமா நிறுத்திப்போட்டு அளுவு கண்ணு" என்றாள். "அவியெல்லாம் ஊட்டுக்குப் போகோணுமில்ல."